கிராமபோன் மோட்டர் வாங்கப்போறீங்களோ? வெறுந்தட்டுச் சுத்துற வீடியோவை நம்பாதேங்கோ

எச்.எம்.வி 102 என்ற, கையால் முறுக்கும் கிராமபோன் கைப்பெட்டிக்குரிய ஸ்பிறிங் மோட்டர், நல்லா ஓடுது என்று விளம்பரம் போட்டு 18,500 ரூபாவை வாங்கிக்கொண்டு, கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் பார்சலில் ஒருவர் அனுப்பியது வேறு சாமான். பெட்டியோடு வந்த முறுக்குக் கைபிடி அதில் ஏறவில்லை. பலகைத் துளைகள் பொருந்தவில்லை. வேகத்தை அடக்கும் கவர்னரில் மூன்று குண்டு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான். காசைத் திருப்பிக் கேட்டால், "வீடியோவில ஓடினதுதானே" என்கிறார்.

ஓடினது உண்மைதான். ஊசி படாமல் வெறுந்தட்டைச் சுத்த விட்டால் களைத்துப்போன ஸ்பிறிங் கூட அதை ஓட்டும். இரும்பு ஊசி இசைத்தட்டின் வரியில் இறங்கினால்தான் பாரம் தெரியும். ஆகவே 10 அங்குலத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தை, ஏறக்குறைய 3 நிமிடம், இடையில் முறுக்காமல் முழுதாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ. தட்டின் கீழ் ஒரு கடதாசித் துண்டைச் செருகினால் சுற்றை எண்ணலாம்: நிமிடத்துக்கு 78 சுற்று என்பதால் 30 செக்கனில் 39 சுற்று. பாட்டின் கடைசியிலும் அதே 39 வரவேண்டும்.

மேற்பக்கப் படத்தை வைத்து எந்த மோட்டர் என்று சொல்ல முடியாது. அடிப்பக்கப் படம் கேளுங்கோ. செய்த கம்பனி கராட் என்றால் இங்கிலாந்தின் சுவிண்டன் சாமான், தோரன்ஸ், பையார் என்றால் சுவிட்சர்லாந்து. பெயரோ இலக்கமோ பெரும்பாலும் மோட்டரின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும். ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கிற எச்.எம்.வி நாய்ப் படத்தை அடையாளமாக எடுக்காதேங்கோ. இந்தியாவில் இருந்து வருகிற பளபளக்கும் பித்தளைக் குழல் பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பது ஏதோ ஒரு பழைய கைப்பெட்டியில் இருந்து கழற்றின மோட்டர்.

அளவு கேட்கும்போது ஸ்கேலை மோட்டரோடு சேர்த்து வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கோ. பூட்டும் துளைகளின் இடைத்தூரம், பலகைக்கு மேலே நடுத்தண்டு நிற்கும் உயரம், தட்டு உட்காரும் சரிவு, முறுக்கும் தண்டின் வாய். இந்தக் கடைசியில்தான் கனபேர் மாட்டுப்படுகிறது. சிலதில் மரை வெட்டியிருக்கும், சிலதில் பிளவும் குறுக்கு ஊசியும். மரை வேறாக இருந்தால் கைபிடியைக் கடைசல்காரரிடம் கொடுத்து மாற்றலாம். துளை வேறாக இருந்தால் நல்ல பலகையை ஓட்டை போட்டுப் பழுதாக்க வேண்டிவரும். அது செய்யக்கூடாத வேலை.

கவர்னரைக் கிட்டப் பாருங்கோ. மூன்று தகட்டு ஸ்பிறிங், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குண்டு. சுத்தும்போது குண்டுகள் வெளியே விரிய, தகடுகள் வளைந்து ஒரு வட்டை இழுக்கும். அந்த வட்டு தோல் அல்லது ஃபெல்ற் (அழுத்திய கம்பளி) துண்டில் உரசித்தான் வேகம் அடங்கும். ஒரு குண்டு இல்லாவிட்டால் சமநிலை கெட்டு அதிரும், பாட்டு அலையும். மூன்று தகடும் ஒரே தடிப்பா என்றும் பார்க்கவேண்டும். அந்தத் தோல் காய்ந்து கீச்சிட்டால் பயமில்லை, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுக் காணும். பல்லுச்சில்லில் அறல்டைற் பசை பூசியிருந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கோ.

ஓடும்போது "டப், டப்" என்று இடிச் சத்தம் வந்தால் ஸ்பிறிங் சுருண்டிருக்கும் பேணிக்குள் கிறீஸ் இறுகிவிட்டது. ஸ்பிறிங் உடைந்தது என்று முடிவெடுக்கத் தேவையில்லை. மாற்றவேண்டி வந்தால் அகலம், தடிப்பு, நுனியின் வடிவம் (வட்டத் துளையோ, நீளத் துளையோ, கொக்கியோ) மூன்றையும் அளந்து சொல்லுங்கோ. அகலம் ஒன்று என்று கிடைத்ததைப் போட்டால் பிழைக்கும்: 0.6 மி.மீ. க்குப் பதில் 0.7 போட்டாலே, நீளம் ஒன்றாக இருந்தால், விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

அனுப்புமுன் ஸ்பிறிங்கை முழுதாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கோ. முறுக்கினபடி வந்த மோட்டரில் கவர்னரைக் கழற்றினால் முழு விசையும் ஒரே நேரத்தில் விடுபட்டுப் பற்களை வழித்துக்கொண்டு போகும். பேணி மூடியை வெறுங்கையால் திறக்கவேண்டாம். தடித்த தோல் கையுறை, கண்ணாடி போட்டு, பேணியைச் சாக்கில் சுற்றி, உள்நுனியில் இருந்து ஒவ்வொரு சுற்றாக விடவேண்டும்.