சேலத்து மண்ணில் ஈக்வினாக்ஸ் 800: தொலைந்த நகை தேடுவோருக்கு ஒரு மதிப்புரை

மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 என்னும் மெட்டல் டிடெக்டரைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை கடற்கரை மணலிலோ வெளிநாட்டு உழவு நிலங்களிலோ சோதித்துப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றை நம்பி இதை வாங்கிக் கஞ்சமலை அடிவாரத்தில் இயக்குபவர், முதல் நாளே கருவி பழுது என்று முடிவு கட்டிவிடக்கூடும். அங்கே மோதிரம் இருக்கிறதோ இல்லையோ, மண்ணே ஓயாமல் ஒலி எழுப்பும். ஆகவே இது எவ்வளவு ஆழம் பார்க்கும் என்ற கேள்வியை விட்டுவிட்டு, நம் மண்ணின் இரைச்சலை எவ்வளவு அடக்குகிறது என்ற கேள்வியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் கருவியைப் பற்றிச் சொல்ல முடியாது. கஞ்சமலைச் சரிவில் மழைநீர் ஓடிய தடத்தில் ஒரு காந்தத்தை இழுத்தால், எடுக்கும்போது அதன் முனை முழுவதும் கரிய மணல் சிலிர்த்து நிற்கும். காந்தத்தன்மை மிகுந்த இரும்புத்தாதுவான மேக்னடைட்டும் குவார்ட்சும் பட்டை பட்டையாக அடுக்கிய பாறைகள் உதிர்ந்து வந்த மணல் அது. இந்த வட்டாரத்து இரும்புத்தாதுவை நம்பித்தான் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஊர் உலைகளில் கரியைக் கொண்டு இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலைகள் கழித்த கிட்டம் இன்றும் சில வயல்களில் கட்டி கட்டியாகக் கிடைக்கிறது. டிடெக்டரின் சுருள் அனுப்பும் காந்தப் புலத்துக்கு மோதிரத்தில் எழும் சிறு சுழல் மின்னோட்டம் ஒரு பதிலைத் தருகிறது என்றால், சுற்றியுள்ள மேக்னடைட் அதைவிடப் பன்மடங்கு பெரிய பதிலைத் தருகிறது. இரண்டு பதில்களும் காலத்தால் சற்று முன்பின்னாக வருவதால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க முடிகிறது. மண்ணின் பதிலை மட்டும் கழித்துவிடும் அந்த வேலைக்கே கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர்.

ஏற்காட்டின் செம்மண் வேறு வகைத் தொல்லை. பாக்சைட்டும் லேட்டரைட்டும் கலந்த அந்த மண்ணில் உள்ள மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள், காந்தப் புலம் மாறியவுடனே மாறாமல் சற்றுத் தாமதித்தே அதைப் பின்தொடர்கின்றன. அந்தத் தாமதம் உலோகத்தின் பதிலை ஓரளவு ஒத்திருப்பதால் கருவி ஏமாறுகிறது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மலையேறும் வழியில் தெரியும் வெள்ளைக் குன்றுகளிலோ நிலைமை தலைகீழ்: அங்குள்ள வெள்ளைக் கனிமமான மேக்னசைட் கிட்டத்தட்ட ஓசையே எழுப்பாது. ஆனால் அந்த வெள்ளை ஓடிய இடத்தை ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் பாறைக்குள் மேக்னடைட்டும் குரோமைட்டும் இருப்பதால், ஓரடி தள்ளிச் சுருளை நகர்த்தினால் கூச்சல் தொடங்கிவிடும்.

இந்தப் பின்னணியில் ஈக்வினாக்ஸ் 800 தன் விலைக்கு நியாயம் செய்கிறது என்பதே என் கருத்து. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி ஒப்பிடும் மல்டி-ஐக்யூ என்ற அமைப்பு 2018இல் இந்த வரிசையோடுதான் சந்தைக்கு வந்தது. ஒற்றை அலைவரிசையில் மட்டும் இயங்கும் எளிய கருவிகள் கஞ்சமலை மண்ணில் தடுமாறும் இடத்தில், இது ஓரளவு நிதானமாக நின்று பேசுகிறது. 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், இரும்புச் சத்து மிகுந்த நிலத்தில் பல அலைவரிசை முறையிலிருந்து விலக எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கிரவுண்ட் பேலன்ஸைத் தொடாமல் தொழிற்சாலை அமைப்பிலேயே பயன்படுத்துபவர்கள் இந்தக் கருவியின் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உலோகம் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, மெனுவில் அந்த அமைப்பைத் திறந்து, சரி-தவறு குறியுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுருளைத் தரைக்கு நெருக்கமாக மேலும் கீழும் அசைத்தால், ஒலி மெல்லத் தணிந்து ஓர் எண்ணில் நிலைக்கும். ஒரே காட்டுக்குள் கரும்பாறை தென்படும் இடத்துக்குப் போனதும் இதை மீண்டும் செய்ய வேண்டும். கருவியே தொடர்ந்து சரிசெய்துகொள்ளும் டிராக்கிங் வசதி, மண் அடிக்கடி மாறும் ஏற்காட்டுச் சரிவுகளில் கைகொடுக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் சுருளைத் திரும்பத் திரும்ப ஆட்டினால் மெல்லிய நகையின் ஒலியையும் மண்ணென்று கருதி விழுங்கிவிடும் என்பதால், ஒலி கேட்டதும் அதை நிறுத்திவிடுவது நல்லது.

கருவியின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சென்சிடிவிட்டி அமைப்பைப் பற்றித்தான் இங்கே பலரோடும் வாதம் வருகிறது. உச்ச அளவு 25 இருக்கும்போது ஏன் 15இல் வைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இருபதுக்கு மேல் ஏற்றினால் நம் மண்ணின் குரலே பெருகுகிறது, நகையின் குரல் அதற்குள் அமுங்கிவிடுகிறது. குறைத்து வைக்கும்போதுதான் உண்மையில் ஆழம் கூடுகிறது. அதே காரணத்தால் உடன் வரும் 11 அங்குலச் சுருளைவிடத் தனியாக வாங்க வேண்டிய 6 அங்குலச் சுருள் இங்கே பயனுள்ளது. அது ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணின் அளவு குறைவு, எனவே இரைச்சலும் குறைவு. அதைக் கொண்டும் கஞ்சமலை ஓரத்தில் ஒரு சிறிய மோதிரத்துக்கு நான்கைந்து விரற்கடைக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சாதாரண வண்டல் மண்ணில் அதே மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் எளிதாகக் காட்டும்.

நகைக்கு நகை நடத்தை மாறும். முழு வளையமாக உள்ள மோதிரம் சுழல் மின்னோட்டத்துக்கு முழுப் பாதை தருவதால் தெளிவாக ஒலிக்கிறது. வாய் பிளந்த மெட்டி, வெள்ளியாகவே இருந்தாலும், அந்தப் பாதை அறுபட்டிருப்பதால் எதிர்பார்ப்பதைவிடத் தாழ்ந்த எண்ணையே (உலோகத்தை அடையாளம் காணத் திரையில் தோன்றும் எண்) காட்டும். மெல்லிய தங்கச் சங்கிலிதான் மிகக் கடினம். கருவிக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரிவதில்லை, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனித் துணுக்காகத்தான் தெரிகிறது. தடித்த தாலிக்கொடி அப்படியில்லை, அது கிடைத்துவிடும். ஆழத்தில் கிடக்கும் தங்கம், மேக்னடைட்டின் இழுப்பால் இரும்புக்குரிய எதிர்மறை எண்ணுக்குச் சரிந்து காட்டுவதும் உண்டு. எனவே இங்கே எண்ணைப் பார்த்து ஒதுக்குவதைவிட ஒலியைக் கேட்டுத் தீர்மானிப்பதே சரி.

ஏற்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த ஓர் அம்மாவின் கம்மலைத் தேடியபோது இது நன்றாக விளங்கியது. சில்வர் ஓக் சருகுக்குள் ஷாம்பு பொட்டலத் துண்டுகளும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தகடுகளும் ஏராளம். அவையும் சிறு தங்கமும் ஒரே எண்களைக் காட்டும், எந்தக் கருவியாலும் இதைத் தவிர்க்க முடியாது. மண்ணின் பொய் ஒலி, சுருளை ஒரு திசையில் வீசும்போது மட்டும் வந்து, குறுக்கே திரும்பி நின்று வீசினால் மறைந்தது. செடியின் தூரருகே மட்டும் இரண்டு திசையிலும் 2, 3 என்று எண் திரும்பத் திரும்ப வந்தது. சருகைக் காலால் தள்ளியதும் ஒலியும் சருகோடு நகர்ந்தது. “திருகாணி போனாப் போகுது சார், கம்மல் கெடச்சாப் போதும்” என்றார் அவர். கம்மல் கிடைத்தது, திருகாணியைக் கருவி காட்டவேயில்லை.

இந்த மண்ணுக்கு, காந்தப் புலத்தைத் துடிப்புகளாக அனுப்பி அது நின்றபின் வரும் பதிலை மட்டும் கேட்கும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவி பொருந்தாதா என்ற கேள்வி நியாயமானது. மேக்னடைட்டின் பதிலை அவ்வகை இயல்பாகவே பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் ஜிபிஎக்ஸ் வரிசை தங்கக் கட்டி தேடுவோரிடம் பெயர் பெற்றதும் அதனால்தான். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்வது அதற்குக் கடினம். ஆணியும் லாடமும் கிட்டமும் நிறைந்த நம் வயல்களில் தோண்டித் தோண்டியே பொழுது போய்விடும்; விலையும் பலமடங்கு.

பழம்பொருள் தேட இதை வாங்க நினைப்பவர்களுக்கு என் மதிப்பீடு வேறு: வாங்க வேண்டாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயமும் நகையும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். மேட்டூர் அருகே மாங்காடு, தெலுங்கனூர் போன்ற இரும்புக்கால இடங்களில் ஒரு துண்டு இரும்பு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குத் தேவை. அதைத் தோண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது துருதான். சேர்வராயன் மலையில் காப்புக்காடுகளும் உண்டு, அங்கே மண்வெட்டியோடு நுழைவதே குற்றமாகிவிடும். உரிமையாளர் கேட்டுக்கொண்டபின் அவரது நிலத்தில் தொலைந்த நகையைத் தேடுவதற்கு மட்டுமே நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. எடை 1.34 கிலோ, அரை நாள் வீசினாலும் தோள் வலிப்பதில்லை. மூன்று மீட்டர் நீருக்குள்ளும் தாங்கும் என்பதால் மலை மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. புளூடூத் ஹெட்போன் பெட்டியிலேயே வருகிறது, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும் நம் ஊரில் அது ஒரு வரம்தான், ஒவ்வொரு ஒலிக்கும் “தங்கமா?” என்று யாரும் கேட்பதில்லை. 700, 900 என்ற புதிய வடிவங்கள் வந்துவிட்டதால் 800ஐப் பெரும்பாலும் பழைய சரக்காகவோ இரண்டாம் கையாகவோதான் வாங்க வேண்டியிருக்கும். போலிகள் உலவுவதாக நிறுவனமே எச்சரித்திருப்பதால், வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டாம் கையாக வாங்கினால் சுருளின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்: அதற்குள் கரிய மணல் தங்கியிருந்தால், எந்த மண்ணில் வீசினாலும் பொய் ஒலி வரலாம், தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும்.