டெனாசிட்டி லைப்ரரி: ராயக்கோட்டை தக்காளி விலைய ராத்திரி முழுக்க இறக்கிப் பார்த்த அனுபவம்

எனக்கு ராயக்கோட்டை, மண்டிக்குப் பக்கத்துலயே வீடு. பத்து வருஷ தக்காளி விலைய வெப்சைட்லேர்ந்து நாள்வாரியா எடுத்து நம்ம வெவசாயிங்களுக்கு ஒரு சார்ட் போட்டுத் தரணும்னு ரொம்ப நாளா ஆசை. ராயக்கோட்டை, பாலக்கோடு, ஓசூர், தர்மபுரி நாலு ஊருக்கும் ஒரு நாளுக்கு ஒரு தடவ சர்வர்கிட்ட கேக்கணும்னா மொத்தம் கிட்டத்தட்ட 14,600 ரிக்வெஸ்ட், ஒன்னுக்கு 2 செகண்டுன்னாலே 8 மணி நேரம் ஆகும். ராத்திரி ஓடவிட்டு படுத்தா காலைல 3,000 கிட்ட ஏதோ எரர் அடிச்சு நின்னுருக்கும், திரும்ப மொதல்லேர்ந்து ஓட்டணும்.

பெங்களூர்ல வேலை பாக்கற மச்சான் சொல்லித்தான் பைத்தான்ல இந்த டெனாசிட்டிய போட்டேன், எரர் வந்தா அதே வேலைய தானா திரும்ப முயற்சி பண்ற லைப்ரரி இது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஃபங்ஷனுக்கு மேல ஒரு ரீட்ரை வரி, அவ்ளோதான். ஆனா சும்மா ரீட்ரைன்னு மட்டும் போட்டு விட்றாதீங்க, அப்படிப் போட்டா இடைவெளியே விடாம முடிவே இல்லாம முட்டிக்கிட்டே இருக்கும், பாவம் அந்தப்பக்கம் இருக்கற சர்வர். நான் 6 தடவைக்கு மேல வேணாம்னு ஸ்டாப் வெச்சு, வெயிட்டுக்கு ரேண்டம் எக்ஸ்பொனென்ஷியல் (தோக்கத் தோக்க காத்திருக்கற வரம்பு ரெட்டிப்பாகும், அதுக்குள்ள ஏதோ ஒரு நேரம்), அதிகபட்சம் 60 செகண்ட்னு வெச்சேன். 503 (சர்வர் இப்ப முடியாதுங்குது), 429 (ரொம்ப அதிகமா கேக்கறீங்கங்குது) வந்தா மட்டும் திரும்பக் கேக்கும், 404 வந்தா விட்டுரும், இல்லாத பக்கத்த எத்தன தடவ கேட்டாலும் வராதுல்ல.

அப்பவும் ஒரு ராத்திரி வீணாச்சு. பக்கத்த இறக்கித் தர்ற ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு நாமளா டைம்அவுட் குடுக்கலன்னா அது பதிலுக்காக காத்துக்கிட்டே கெடக்கும், எரரே வராது, எரர் வராம டெனாசிட்டி என்ன பண்ணும்? டைம்அவுட் 30 செகண்ட் போட்டப்புறம் அந்தப் பிரச்சன போச்சு. இன்னொன்னு, சில சமயம் 200னு நல்லபடியா வந்து உள்ள பார்த்தா வெறும் டேபிள், மண்டி லீவா சர்வர் சொதப்பலான்னு தெரியாது. அதுக்கு ரீட்ரை இஃப் ரிசல்ட்னு ஒன்னு இருக்கு, டேபிள் தலைப்பே இல்லன்னா திரும்பக் கேளுன்னு சொல்லிட்டேன், இந்த ஒரு வசதிக்கே இத தாராளமா சிபாரிசு பண்ணுவேன்.

இதால ஆகாதது ஒன்னு இருக்கு, விட்ட எடத்துலேர்ந்து தொடர்றது. எத்தனாவது முயற்சிங்கற கணக்கெல்லாம் மெமரில மட்டும்தான், எங்க ஊர்ல சாயங்காலம் மழை வந்து கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. அதுக்கு எஸ்க்யூலைட்ல (ஒரே ஃபைல்ல இருக்கற சின்ன டேட்டாபேஸ்) ஒரு டேபிள் போட்டேன், ஊர், தேதி ரெண்டும் சேர்ந்து ப்ரைமரி கீ (அதே ஊர், அதே தேதி ரெண்டு தடவ ஏறாது), ஒவ்வொரு நாள் விலை வந்ததும் உடனே கமிட், அதாவது டிஸ்க்ல எழுதிரும், ஸ்கிரிப்ட் திரும்ப எழுந்ததும் டேபிள்ல இல்லாத தேதிய மட்டும் கேக்கும். லீவு நாளயும் லீவுன்னு எழுதி வெக்கணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் அதையே போய்க் கேட்டுக்கிட்டு நிக்கும். மொத்தமா சேர்த்து கடைசில சிஎஸ்வில எழுதிக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க.

போன வாரம் ஓடறப்ப ரெண்டு தடவ கரண்ட் போச்சு, ரெண்டு தடவையும் விட்ட தேதிலேர்ந்தே பிடிச்சுக்கிச்சு. பாலக்கோடு முழுசா வந்துருச்சு, ஓசூர் ஓடிட்டு இருக்கு.