வாஜாவுக்கு டார்க் கன்வெர்ட்டர் மாற்றிய பஹாவ் பட்டறை

30 வருஷம் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன் நான். கிளட்ச் தேய்ந்தால் காலிலேயே தெரிந்துவிடும். ஆட்டோ கியர் அப்படி இல்லை. அதில் கிளட்ச் மிதிக்குப் பதிலாக, என்ஜின் விசையை எண்ணெய் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். அது கோளாறை வாய் திறந்து சொல்லாது. மகள் எனக்கு விட்டுப்போன ப்ரோட்டான் வாஜா, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே தோட்டத்துக் கல் ரோட்டில் போவதுபோல் உதற ஆரம்பித்தது. சிரம்பானுக்குப் போகும்போது புக்கிட் புத்தூஸ் ஏற்றத்தில் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் 6 மாதத்துக்கு முன்புதான் வேறொரு ஊர்ப் பட்டறையில் ஹாஃப் கட் கன்வெர்ட்டர், அதாவது வெட்டிய பழைய வண்டியிலிருந்து எடுத்தது, போட்டிருந்தேன்.

இந்த முறை போன பட்டறை மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பஹாவ் டவுனைத் தாண்டி, தோட்டத்துப் பக்கம் திரும்பும் சாலையில் இருக்கிறது. போர்டு கிடையாது. போமென் (மெக்கானிக்) தம்பி, கூட ஒரு பையன், ஒரு நாய்.

கியர்பாக்ஸை இறக்கியதும் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்தார். "அங்கிள், இந்த ஓட்டைக்குள்ள பாருங்க." என்ஜின் தண்டின் முனையில் இருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டோடு கன்வெர்ட்டரைச் சேர்க்கும் போல்ட் ஓட்டை அது. அடியில் பளபளவென்று ஒரு குழி. முன்பு போட்டவர் ஒரு போல்ட்டை மட்டும் நீளமாகப் போட்டு முறுக்கியிருக்கிறார். அது கன்வெர்ட்டரின் முன்தகட்டை உள்ளே தள்ளிவிட்டது. அந்தத் தகட்டின் உள்பக்கத்தில்தான், வேகம் பிடித்ததும் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் லாக்அப் கிளட்ச் வந்து பிடிக்கும். அங்கே மேடு விழுந்தால் பிடி சமமாக இருக்குமா? ஒரு போல்ட்டால் என் 600 வெள்ளி (ரிங்கிட்) போச்சு.

இந்த முறை போட்ட கன்வெர்ட்டர் புதுசு, ஆனால் கம்பெனி பார்ட் இல்லை. அக்காள் மகன் ஹை ஸ்டால் என்கிற ரேஸ் வகைக் கன்வெர்ட்டர் வாங்கச் சொல்லியிருந்தான். தம்பி சிரித்தார்: "ரேஸ் ஓட்டப் போறீங்களா அங்கிள்?" அதைப் போட்டால் என்ஜின் நன்றாகச் சுற்றேறின பிறகுதான் வண்டி நகரும், எண்ணெயும் சீக்கிரம் சூடாகும். வேண்டாம் என்று விட்டேன்.

ஃபிளெக்ஸ் பிளேட் மெல்லிய தகடுதான். அதைப் பெட்ரோலில் கழுவி, என்ஜினின் கிராங்க் தண்டில் மாட்டும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று தேடினார். அங்கே விரிசல் விட்டிருந்தால் என்ஜின் தட்டுவதுபோலவே சத்தம் வருமாம். அது தெரியாமல் என்ஜினையே பிரித்தவர்களும் உண்டாம்.

அப்புறம் கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, சுற்றிச் சுற்றி கியர்பாக்ஸுக்குள் தள்ளினார். இரண்டு முறை 'டக்' என்றது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது, அவர் விடவில்லை. மூன்றாவது 'டக்' எண்ணெய்ப் பம்ப் பொருந்துகிற சத்தம். அது உட்காராமல் கியர்பாக்ஸ் போல்ட்டை முறுக்கி என்ஜினோடு இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். என்ஜினோடு சேர்த்த பிறகு கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பார்த்தார், லேசாகச் சுற்றியது. அதைப் பின்னால் தள்ளி வைத்து, பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே டிரில் பிட்டை விட்டார். 3 மில்லிமீட்டர் பிட் நுழைந்தது, 5 மில்லிமீட்டர் நுழையவில்லை. "கரெக்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் முன்னால் இழுத்து போல்ட் போட்டார். இடைவெளியே இல்லாவிட்டால் பம்ப் நசுங்கும். கூடுதலாக இருந்தால் இழுக்கும்போது பம்ப்பிலிருந்து நழுவி வந்துவிடும். போல்ட்களையும் ஒன்றோடொன்று நிறுத்தி நீளம் பார்த்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

குறை இல்லாமல் இல்லை. 2 நாள் என்று சொன்னவர் 5 நாள் இழுத்தார். போன் எடுப்பதே இல்லை. உட்கார ஒரு பழைய டயர்தான். 1,450 வெள்ளிக்கு பில் கேட்டதற்கு நாள்காட்டித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். புது கன்வெர்ட்டரும் டி (டிரைவ்) கியரில் போட்டு நிற்கும்போது லேசாக முனகுகிறது. ஒரிஜினலில் அது இருந்ததில்லை. ஆனால் 3 மாதமாக புக்கிட் புத்தூஸ் ஏறுகிறேன், உதறல் இல்லை.

போகிறவர்கள் காலை 10 மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் நாய் மட்டும்தான் இருக்கும்.