சான் செபாஸ்டியனில் பின்ச்சோ: வழிகாட்டியோடா, தனியாகவா?

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் கடற்கரையில் இருக்கிற சான் செபாஸ்டியனுக்குப் பாதிப் பேர் பின்ச்சோ என்கிற, பார்களில் கிடைக்கும் சிறு தீனியைச் சாப்பிடத்தான் போகிறார்கள். பழைய நகரத்துச் சந்துகளில் வழிகாட்டியோடு குழுவாகச் சுற்றலாம், இல்லை நாமே கடை கடையாக ஏறி இறங்கலாம்.

தனியாகப் போனால் செலவு நம் கையில். ஒரு கடையில் ஒரு பின்ச்சோ, ஒரு கிளாஸ் சாக்கோலி ஒயின், அப்புறம் அடுத்த கடை. ஊர்க்காரர்களும் அப்படித்தான். ஆனால் புதியவர்கள் கவுன்டரில் அடுக்கி வைத்திருப்பதையே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அசல் சரக்கு பலகையில் எழுதியிருக்கும். கேட்டால்தான் சுடச்சுடச் செய்து தருவார்கள். எட்டு மணிக் கூட்டத்தில் ஸ்பானிஷ் தெரியாமல் அதைக் கேட்டு வாங்குவது லேசில்லை.

வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு இங்கேதான் வசூலாகிறது. ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, ஊறுகாய் மிளகாய் மூன்றையும் குச்சியில் குத்திய கில்டாவை ஒரே வாயில் போடச் சொல்வார். 1813இல் ஊரே எரிந்தபோது தப்பிய ஆகஸ்ட் 31 தெருவின் கதையும் கிடைக்கும். அந்தத் தெருவில்தான் லா வின்யா என்கிற பாரின் சீஸ்கேக். குறை? விலை அதிகம், வேகமும் அவருடையது. பிடித்த கடையில் இன்னொன்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கிளப்பிவிடுவார்.

இரண்டு ராத்திரி தங்கினால் முதல் நாள் வழிகாட்டி, மறுநாள் தனியாக. சைவக்காரர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். நெத்திலியும் ஹாமும் எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும்.