‘பிடரி மயிர் ஒரு குளிசை’: செயலி செய்யக் கொடுக்கிறவர்கள் ஒருமுறை வாசியுங்கள்

வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு சின்னப் பாமசி இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்து வாங்க வருகிறார்கள், மற்றப் பாதி ரிப்போர்ட் வாசிப்பிக்க வருகிறார்கள். “தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாரும்” என்று கண்ணாடி மேசைக்கு மேலால் ஒரு தாள் நீளும். டொக்டரைச் சனல் பண்ணி, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தவர்கள். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். கிளினிக் கொப்பியில் இருப்பது ஆங்கிலமா கோழிக் கிறுக்கலா என்று எனக்கே சில நேரம் சந்தேகம்.

இதற்கு ஒரு செயலி செய்தால் என்ன என்று தோன்றியது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்தால் பெரிய எழுத்தில், தமிழில், மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எது கூடக்குறைய இருக்கிறது, எது சரியாக இருக்கிறது, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் எதைக் கேட்க வேண்டும். வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் குரலிலும் சொல்ல வேண்டும். மருந்தைக் கூட்டு, குறை என்று ஒரு சொல்லும் வரக்கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது.

நுகேகொடைப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம். பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, நன்றாகத் தமிழ் கதைக்கிற ஒரு விற்பனைத் தம்பி. ஏழரை லட்சம் என்றார்கள். பெரிய திரையில் ஒரு மாதிரியைப் போட்டுக் காட்டினார்கள். இதயம் துடிக்கிறது, வட்டம் சுழல்கிறது, பச்சை எழுத்தில் ‘உங்கள் கொலஸ்ட்ரோல் நலமாக உள்ளது’ என்று வருகிறது. விழுந்துவிட்டேன். அவர்கள் படம் எடுத்துக் காட்டியது அவர்களே அழகாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு ரிப்போர்ட்டை. என் சட்டைப் பையில் அன்று ஒரு உண்மையான ரிப்போர்ட் நாலாக மடிந்து கிடந்தது. அதை எடுத்து, “இதைப் போட்டுக் காட்டும் தம்பி” என்று நீட்டியிருந்தால் கதை அந்த அறையிலேயே முடிந்திருக்கும். நீட்டவில்லை. அறுபது வீதம் முற்பணம், நாலரை லட்சம், அந்தக் கிழமையே கட்டினேன்.

பிறகு ‘மாதிரி ரிப்போர்ட்டுகள்’ வேண்டும் என்றார்கள். வழக்கமாக வருகிற பதினொரு பேரிடம் கேட்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கடை மேசையில் வைத்து, பெயர், வயது, கிளினிக் இலக்கம் எல்லாம் தெரியத் தெரியப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கடையில் கறுப்பு மார்க்கர் பேனை நாங்களே விற்கிறோம்.

நாலு மாதம் கழித்து முதல் பதிப்பு வந்தது. ஒரு பின்னேரம் கடையில் ஆள் குறைவாக இருந்தபோது, அந்தப் பதினொரு பேரில் ஒருவரான எழுபத்திரண்டு வயது அன்ரியை இருத்தி, அவருடைய தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். முதலில், போன தடவை வார்ட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டபோது கொடுத்த அச்சடித்த டயக்னோசிஸ் கார்ட். செயலி பெண்குரலில் வாசித்தது: “பிடரி மயிர் ஒரு குளிசை.”

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. காலையில் போட வேண்டிய மருந்துக்கு எங்கள் டொக்டர்மார் லத்தீனில் ‘மானே’ என்று எழுதுவார்கள், இரவுக்கு ‘நொக்டே’. மூன்று வேளைக்கு ‘டி.டி.எஸ்.’ அந்த ‘மானே’யின் எழுத்துகளை ஆங்கிலச் சொல்லாக எடுத்தால் குதிரையின் பிடரி மயிர். இயந்திர மொழிபெயர்ப்பில் அப்படியே போட்டு எடுத்திருக்கிறார்கள். ஒரு மனுசர் வாசித்துப் பார்க்கவில்லை.

அடுத்த வரி: “நோயாளி நெஞ்சு வலியை மறுக்கிறார்.” நெஞ்சு வலி இல்லை என்று நோயாளி சொன்னதைக் குறிக்கிற வழக்கமான ஆங்கில வாசகம் அது. அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் எப்ப தம்பி மறுத்தனான்?” என்றார். அதுவரை சிரிக்கலாம் போலத்தான் இருந்தது.

பிறகு சீனி ரிப்போர்ட். வெறும் வயிற்றில் 7.8. திரை முழுக்கச் சிவந்தது: “மிகக் குறைவு! உடனடியாக இனிப்பு உட்கொள்ளவும்.” அந்த 7.8 மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கில் 140 வரும். வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனாலே நீரிழிவு எல்லை. கூடியிருக்கிற சீனியைக் குறைந்துவிட்டது என்று சொல்லி, சீனி வருத்தக்காரிக்கு இனிப்புச் சாப்பிடச் சொல்கிறது செயலி. 70க்குக் கீழே எந்த எண் வந்தாலும் ‘குறைவு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்த அலகைப் பார்க்காமலே விட்டிருக்கிறார்கள். நான் அங்கே நிற்காமல், அவர் வீட்டில் தனியே இதைக் கேட்டிருந்தால்?

செயலி செய்யக் கொடுக்க நினைக்கிறவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கொழும்பிலேயே ஒரு லாப் மில்லிகிராமில் தரும், இன்னொன்று மில்லிமோலில் தரும். கிரியற்றினினுக்கு இரண்டு அலகுக்கும் இடையில் 88.4 மடங்கு வித்தியாசம். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி ஒரு தாளில் 6.5 வீதம் என்று இருக்கும், வேறொரு தாளில் அதே அளவு 48 என்று இருக்கும். சரியான அளவு எது என்ற எல்லையும் லாப்புக்கு லாப் கொஞ்சம் மாறும். அதனால்தான் ஒவ்வொரு தாளிலும் பக்கத்திலேயே அச்சடித்துத் தருகிறார்கள். அந்த எல்லையைத் தாளிலிருந்தே எடுக்க வேண்டும். அலகு தெளிவாகத் தெரியாவிட்டால் ‘வாசிக்க முடியவில்லை, டொக்டரிடம் காட்டுங்கள்’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுமா என்பதைத்தான் இனி எந்தச் செயலியிலும் முதலில் பார்ப்பேன்.

இன்னும் இருக்கிறது. நோய்க்கிருமி இல்லை என்பதைக் காட்டுகிற ‘நெகட்டிவ்’ எல்லாம் ‘எதிர்மறை’ ஆகி, எதிர்மறை என்றால் கூடாதது என்று நினைத்த யாரோ அதற்குச் சிவப்பு வேறு பூசியிருந்தார்கள். சேமித்து வைக்கிற பி.டி.எஃப். தாளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன.

கேட்டபோது, “அண்ணா, அதெல்லாம் அடுத்த பதிப்பில் வரும். தமிழைச் சரிபார்க்கத் தனி மொடியூல் வேணும், ஒன்றரை லட்சம் ஆகும்” என்றார் தம்பி. அதையும் கட்டினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதம் போய் வந்த பதிப்பில் பிடரி மயிர் போயிருந்தது, 7.8 அப்படியே குறைவாகத்தான் இருந்தது.

சரி, வேறு யாரிடமாவது கொடுத்துத் திருத்துவோம் என்று மூலநிரலை, அதாவது செயலிக்காக அவர்கள் எழுதிய கணினிக் கட்டளைகளை, கேட்டேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். இரண்டு பக்கத் தாளை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். உண்மைதான், இல்லை. கூகுள் பிளேயில் போடுவதற்கான கணக்கும் அவர்களுடைய பெயரில். அந்தக் கணக்கைத் திறக்க ஒரே தடவை 25 டொலர்தான், நானே திறந்திருக்கலாம். “அதெல்லாம் நாங்க பார்த்துக்கொள்ளுவம் அண்ணா” என்று சொன்னதை உதவி என்று நினைத்தேன்.

ஆறு லட்சம் போனது போகட்டும் என்று இருந்திருப்பேன். பிறகு ஒருநாள், தெரிந்த ஒரு பிள்ளை பேஸ்புக் இணைப்பு ஒன்றை அனுப்பியது: “உங்கட அப் வந்திருக்கு அங்கிள்.” அந்த நிறுவனத்தின் பக்கம். ‘எங்கள் படைப்புகள்’ என்று போட்டு, ஒரு கை போனைப் பிடித்திருக்கிற அழகான படம். போன் திரையைப் பெருப்பித்துப் பார்த்தேன். அன்ரியின் முழுப்பெயர். வயது. கிளினிக் இலக்கம். சீனி 7.8.

எடுத்துப் பேசினேன், கத்தினேன் என்றும் சொல்லலாம். “ஓகே அண்ணா, எடுத்துவிடுறம்” என்றார்கள். அரை மணித்தியாலத்தில் படம் போய்விட்டது. மற்றப் பத்துப் பேரின் தாள்கள் எத்தனை பேருடைய போனில், எந்தக் கணினியில் கிடக்கின்றன என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அழித்துவிட்டோம் என்று எழுத்தில் ஒரு கடிதம் கேட்டேன், அதுவும் வரவில்லை.

தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதில் நோய்நொடித் தகவல் கூடுதல் கவனம் வேண்டிய தனி வகை என்று விளங்கப்படுத்தினார். நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். “அந்தத் தாள்களை ஆக்களிட்ட வாங்கினது ஆர்?” என்று கேட்டார். “நான்.” “என்னத்துக்கெண்டு முடிவெடுத்தது?” “நான்தான்.” “அப்ப கேள்வி முதல்ல உம்மட்டத்தான் வரும்” என்றார். நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1977க்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பணம் வருமா தெரியாது.

பதினொரு பேரிடமும் நானே போய்ச் சொன்னேன். எட்டுப் பேர் கடையில் வைத்தே கேட்டுவிட்டுப் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் ஏசினார், சரியாகத்தான் ஏசினார். அன்ரி வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். “எனக்குச் சீனி எண்டு ஊருக்கே தெரியும் தம்பி. வயசை ஏன் போட்டவங்கள்?” என்றார்.

கடைசி ஆள் ஒரு இளைஞர். தன்னுடைய வருத்தம் என்ன என்று வீட்டில்கூடச் சொல்லாதவர். என்னை நம்பித் தாளைத் தந்தவர். அவருடைய ரிப்போர்ட் எங்கேயும் வெளிவரவில்லை, நான் அறிந்தவரை. அதைத்தான் சொன்னேன். “சரி அண்ணா” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. காலி வீதிக்கு எதிர்ப்பக்கத்துப் பாமசியில் மருந்து வாங்குகிறார், பஸ் விலகும்போது சில நாள் தெரியும்.