நாகர்கோவிலில் பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? 34,500 ரூபாயை விட்டவன் எழுதுகிறேன்

ஷட்டர் கவுண்ட் (கேமரா இதுவரை எத்தனை படம் அடித்திருக்கிறது என்ற கணக்கு) 18,742 என்று காட்டி, இரண்டு லட்சத்தைத் தாண்டி ஓடிய கேமராவை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விலை 34,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் எல்லாரையும் போல ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன், அங்கே அடுத்த ஆளுக்கு டீ சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடைப் பெயர் போடவில்லை. நாகர்கோவிலில் பழைய கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் வாங்கி விற்கும் ஒரு கடை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நான் கருங்கல் பக்கம். கல்யாண வீடுகளில் இன்னொருவர் கேமராவை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம், புதுநன்மை, பால்காய்ப்பு என்று சின்னச் சின்ன ஆர்டர்கள் எனக்கே வர ஆரம்பித்ததும் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இறங்கினேன். நிக்கான் டி7200 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), கூட 18-140 லென்ஸ். 2015-ல் வந்த மாடல்தான், ஆனால் இரண்டு கார்டு போடலாம். ஒரு கார்டு மண்டையைப் போட்டாலும் கல்யாண வீட்டுக்காரர்கள் முன்னால் தலை குனிய வேண்டாம். அதன் ஷட்டரை 1,50,000 தடவை அடித்துச் சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். சில பாடி அதற்கு முன்பே படுத்துவிடும், சிலது தாண்டியும் ஓடும். ஆனாலும் பழைய கேமராவுக்கு விலை பேசுவதே அந்தக் கவுண்டை வைத்துத்தான்.

அதனால் போனில் நான் முதலில் கேட்டதே அதைத்தான். கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் படத்தை அப்படியே அனுப்பச் சொன்னேன். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் உள்ளே இருக்கும் எக்சிஃப் தகவல் (எந்தக் கேமரா, எப்போது எடுத்தது என்று படத்தோடு பதிவாகும் குறிப்பு) எல்லாம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால்தான் நிற்கும் என்பதையும் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. “நல்ல விவரமான ஆளாக்கும் நீ” என்று பாராட்டிவிட்டு டாக்குமென்டாகவே அனுப்பினார். திறந்து பார்த்தேன். டி7200, ஷட்டர் கவுண்ட் 18,742. எடுத்த தேதியும் அன்றைய தேதி. கடையின் கண்ணாடி அலமாரியே படத்தில் இருந்தது. இதற்கு மேல் ஒருவன் என்ன கேட்பான்?

நேரில் போனபோது நடந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. டீ வந்தது. எந்த ஊர், எந்தச் சபை, அப்பா என்ன வேலை என்று எல்லாம் விசாரித்தார். நான் கேட்காமலே லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து, “பாரு மக்கா, ஒரு நூல் பூஞ்சை உண்டா? நம்ம கடக்காத்துக்கு லென்ஸ் இப்படி இருக்கதே அதிசயமாக்கும்” என்றார். உண்மைதான், லென்ஸ் சுத்தமாக இருந்தது. கைப்பிடி ரப்பர் புதுசு போல் இருந்தது. பத்து இருபது படம் அடித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது. பேக் ஒன்று சும்மா தந்தார். கிளம்பும்போது தோளில் கைவைத்து, “எதுன்னாலும் எனக்க கிட்ட வா, நான் இங்கதான் நிப்பேன்” என்றார். 20,000 ஜிபேயில் போட்டேன், மிச்சம் 14,500 ரூபாயைக் கையில் கொடுத்தேன். 34,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்.

ஒரு ஞானஸ்நான வீட்டில்தான் அது பல்லிளித்தது. பிள்ளையின் தலையில் சாமியார் தண்ணீர் ஊற்றும் நேரம். படத்தின் மேல்பகுதி கறுப்புப் பட்டையாக வந்தது. அடுத்த படத்துக்கு அழுத்தினால் மேலே சின்னத் திரையில் ‘எர்’ என்று மின்னுகிறது. மறுபடி அழுத்தினால் ஒன்று வருகிறது, அடுத்தது நிற்கிறது. மிச்சத்தை என் போனில் எடுத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் அன்று என்னைத் திட்டவில்லை. பேசிய பணத்தில் பாதிதான் தந்தார்கள், நானும் கேட்கவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். முதலில் “மெமரி கார்டு கோளாறு, வேற போட்டுப் பாரு.” போட்டேன், அதே கதை. அப்புறம் “லென்ஸ் காண்டாக்டை ரப்பர் வச்சுத் தேய்.” தேய்த்தேன். நேரில் போனால் கடைப் பையன், “அண்ணன் திருவனந்தபுரம் போயிருக்காவ” என்றான். ஆள் உள்ளே போனில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது! பிறகு கிடைத்தபோது, “எனக்குத் தந்த பார்ட்டி வெளியூர்ல நிக்காரு, வரட்டு.”

இதற்கிடையே நான் எடுத்த படத்தின் எக்சிஃபைப் பார்த்தேன். ஷட்டர் கவுண்ட் 2,13,000-க்கு மேல். அவர் அனுப்பிய படத்தை மறுபடி திறந்தேன். நிக்கான் படங்களில் கவுண்டோடு பாடியின் சீரியல் நம்பரும் பதிவாகும். அந்தப் படத்தில் இருந்த சீரியல் நம்பர் வேறு, என் கையில் இருக்கும் பாடியில் உள்ள நம்பர் வேறு. அதாவது, அதே மாடலில் குறைவாக ஓடிய இன்னொரு கேமராவில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, அடித்து நொறுக்கியதைப் பையில் போட்டுத் தந்திருக்கிறார். கைப்பிடி ரப்பர் புதுசு போல் இருந்ததன் ரகசியமும் இதுதான். பழைய ரப்பரை உரித்துப் புதியதை ஒட்டியிருக்கிறார். ரப்பர் புதுசு, ஆனால் வார் மாட்டும் வளையம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது.

இரண்டு நம்பரையும் அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். அந்தத் தோளில் கைவைத்த மனிதரைக் காணோம். “அந்த நம்பரெல்லாம் சாஃப்ட்வேர் தப்பாக் காட்டும்” என்றார். சாஃப்ட்வேர் கவுண்டைத் தப்பாகக் காட்டும், சீரியல் நம்பரையுமா மாற்றும்? உடனே, “சீட்டைப் பாரு, செகண்ட்ஸ் சாமானுக்கு வாரண்டி கிடையாதுன்னு எழுதியிருக்கு.” கடைசியில், “உனக்காகச் சொல்லுறேன், எட்டாயிரத்துக்குத் திருப்பி எடுக்கேன்.” 34,500-க்கு வாங்கியது, 8,000! கேஸ் போடுவேன் என்றதும் சிரித்தார். “நீ தொழிலுக்கு வாங்குனது, கேஸ் நிக்காது.” இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

கேஸ் நிற்கும். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கிய பொருள் என்றால் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்துப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கார்டைக் கொண்டுபோய், உங்கள் கையால் ஒரு ஜேபெக் எடுத்து, அங்கேயே போனில் எக்சிஃப் பாருங்கள். சீரியல் நம்பரைப் பாடியோடு ஒத்துப் பாருங்கள். ‘டிஎஸ்சி 6214’ என்று ஃபைல் பெயரைக் காட்டி ஆறாயிரம் படம்தான் எடுத்திருக்கிறது என்பார்கள். அது 9999 வந்தால் மறுபடி 0001-க்குப் போய்விடும், மெனுவிலும் மாற்றலாம். கேனான் என்றால் பெரும்பாலும் எக்சிஃபில் கவுண்ட் வராது, கேபிள் போட்டு லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவரை 1/4000, 1/8000 வேகத்தில் எடுங்கள், ஒரு பக்கம் இருட்டினால் ஓடி வந்துவிடுங்கள். வீடியோவுக்கு ஓட்டிய கேமராவில் கவுண்ட் குறைவாகவே இருக்கும், அதில் மயங்க வேண்டாம். சீட்டில் சீரியல் நம்பரையும் கவுண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

நம்ம மாவட்டத்தில் பழைய கடை ஒன்றில் டி7200 வாங்கி, வாங்கும் முன் அவர்கள் அனுப்பிய மாதிரிப் படம் இன்னும் போனில் இருந்தால், சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். அதே படத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தால், ஆணையத்துக்கு ஒரே மனுவாகச் சேர்ந்து போகலாம்.