ஆமிஷ் காதல் நாவலா? முதலில் ஞானஸ்நானக் கணக்கைப் பாருங்கள்

ஒரே பள்ளியில் படித்தவர்கள், நடுவில் பிரிந்தவர்கள், வளர்ந்தபின் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். ஆமிஷ் என்பவர்கள் அமெரிக்காவில் நவீன வசதிகளைப் பெரிதும் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களை வைத்து எழுதும் 'பால்ய சினேகிதர்கள்' வகைக் காதல் நாவலில் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அது குறையில்லை, வாங்குகிறவர்கள் வாங்குவதே அதற்காகத்தான். முத்தத்தைத் தாண்டாது, வசைச்சொல் இருக்காது, ஜெபம் உண்டு. காதல் நாவல் பதிப்பகமான ஹார்லெக்வினின் 'லவ் இன்ஸ்பயர்ட்' வரிசை மாதிரியானவை சுமார் 55,000 சொற்கள்தான், ஒரு வார இறுதிக்குள் முடித்துவிடலாம். இருவருக்கும் குறுக்கே நிற்கும் தடை நிஜமானதா, ஒப்புக்கு வைத்ததா என்பதில்தான் நல்ல நாவலும் சுமாரானதும் பிரிகின்றன.

அந்தத் தடையின் ஆணிவேர் ஞானஸ்நானம். ஆமிஷ் சபையில் குழந்தைகளுக்கு அது கிடையாது. பதினாறு வயதையொட்டி ரும்ஸ்ப்ரிங்கா என்னும் இளமைக்காலம் தொடங்கும். பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குள், 1632ஆம் ஆண்டு டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளைக் கற்றுக்கொண்டு, தானாக முன்வந்து ஞானஸ்நானம் பெறுவார்கள். இருவரும் பெற்றிருந்தால்தான் சபையில் திருமணம். பெறுவதற்கு முன்பே வெளியேறியவனைச் சபை ஒதுக்கி வைக்காது. வீட்டில் அழுவார்கள், அவ்வளவுதான். பெற்றபின் வெளியேறினால் மெய்டுங் என்னும் சமூக விலக்கு. கட்டுப்பாடு மிகுந்த சபைகளில் பெற்ற தாயேகூட அவனுக்குத் தனி மேஜையில்தான் சாப்பாடு போடுவாள். திரும்பி வர விரும்பினால் சபை முன் மண்டியிட்டுத் தவறை அறிக்கையிட வேண்டும்.

ஆகவே 'ஊரைவிட்டுப் போனவன் திரும்பி வருகிறான்' என்று பின்னட்டை சொன்னால், அவன் எந்த நிலையில் போனான் என்பதை முதல் மூன்று அத்தியாயங்களில் தேடுங்கள். ஞானஸ்நானம் பெறாமல் பதினேழு வயதில் போனவனை ஊரே ஒதுக்குவதாக எழுதியிருந்தால் முடிச்சே பொய். பெற்றபின் போனவன் வந்த அன்றே நாயகி வீட்டுப் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவும் பொய்தான். மாதிரிப் பக்கங்களிலேயே இது பிடிபட்டுவிடும்.

பால்ய சினேகிதத்துக்கு அந்த வாழ்க்கையிலேயே ஓர் இயல்பான முறிவு இருக்கிறது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் கட்டாயப்படுத்த முடியாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆக, பதினான்கு வயதில் பையன் வயலுக்கோ பட்டறைக்கோ போகிறான், பெண் வீட்டு வேலைக்கு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நடக்கும் ஆராதனையில் ஆண்களும் பெண்களும் தனித்தனி பெஞ்சுகளில். பிறகு ஞாயிறு இரவுப் பாட்டுக்கூட்டங்களுக்குப் போகும் வயது வந்ததும், அவளைத் தன் குதிரைவண்டியில் வீட்டில் கொண்டுவிடலாமா என்று அவன் கேட்கலாம். நடுவிலுள்ள அந்த ஓரிரு வருட மௌனத்தை எழுதத் தெரிந்தவரே இந்த வகையில் தேர்ந்தவர். இதற்கு மாறாக, இருபது முப்பது குடும்பங்களே உள்ள ஒரே சபை வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் "நீயா! அடையாளமே தெரியலையே" என்று வியந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

சிறு விவரங்களிலும் சறுக்கல் உண்டு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் மூடுவண்டி சாம்பல் நிறம், ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பு. லங்காஸ்டர் கல்யாணம் என்றால் வழக்கமாக அறுவடைக்குப் பின், செவ்வாய் அல்லது வியாழன், பந்தியில் செலரித் தண்டுகள். மோதிரம் கிடையாது. இவை தவறினாலும் மன்னித்துவிடலாம். ஜெபம் தவறினால்தான் உறுத்தும். ஆமிஷ் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தலைகுனிந்து மௌனமாகத்தான் ஜெபிப்பார்கள். நாயகி பக்கம் பக்கமாக வாய்விட்டு ஜெபித்து, தன் இரட்சிப்பு உறுதியாகிவிட்டதென்று அறிவித்தால், அது, இரட்சிப்பின் உறுதியை வெளிப்படையாகச் சொல்லும் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவ வாசகருக்காகப் பூசிய சாயம். அப்படிச் சொல்வதையே பல ஆமிஷ்காரர்கள் அகந்தை என்பார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, மனைவியை இழந்தவனின் வீட்டைக் கவனிக்கப் பழைய தோழி வரும் கதைகள் பாதுகாப்பான தேர்வு. இருவருமே சபையில் இருப்பதால் விதிக் குழப்பம் வராது, துக்கமே தடை. பொய்க்காதல் நாடகம் போடும் கதைகளைத் தவிர்க்கலாம். அந்தச் சமூகத்தில் பாவ அறிக்கை வரை போகக்கூடிய பொய்யைச் சிரித்தே கடந்துவிடுகிறார்கள். பல நாவல்கள் அக்கா தங்கைகளைச் சுற்றிய தொடர்களாக வருகின்றன. தனியாகப் படித்தாலும் புரியும், ஆனால் இரண்டாம் நூலில் முதல் ஜோடி குழந்தையோடு வந்து நிற்கும். வரிசை பார்த்து வாங்குங்கள்.